வரதராஜாவின் சிவப்புக் குண்டுகள்

வரதராஜாவுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து, அந்த ஆளின் பெயர் அவர் வாயில் வராது. 'அந்தாள்' என்பார், 'மற்றவர்' என்பார். சிநேகிதர் பழனிசாமியின் பெயர் அவர் வாயில் போன யூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோனது.

சிட்னியின் நார்த்மீட்டில் வரதராஜாவின் வீட்டுப் பின்வளவில் ஓர் ஒற்றை அறை ஃப்ளாட் இருக்கிறது. அதில் நான் வாடகைக்கு இருக்கிறேன். என் குசினி யன்னலைத் திறந்தால் எதிரே அவருடைய கராஜ். அவருடைய மனைவி கமலேஸ்வரி என்னை அக்கா என்பாள், அவரும் அப்படியே. நான் முதியோர் இல்லங்களில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால் காய்ச்சல், புண், பிரஷர் எல்லாவற்றுக்கும் முதலில் என் கதவில்தான் தட்டுவார்கள். ஆகவே இந்தக் கதையில் எனக்குத் தெரியாமல் நடந்தது கொஞ்சம்தான்.

வரதராஜா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். தகப்பன் தமையனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துத் தனக்கு வாங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். தமையன் செத்துப் பல வருடம். சீமெந்து ஆலையில் கடைசல் வேலை பழகினார். சண்டை தொடங்கியதும் கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து சிட்னிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஸ்மித்ஃபீல்டில் ஒரு பட்டறையில் பம்புகளுக்குத் தண்டு கடைந்தார். மயிரிழை அளவு பிசகினாலும் தண்டைத் தூக்கி எறிகிற வேலை அது. கை நடுங்காது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்த இத்தாலியன் ஒருவன் அவரைக் கைத்துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போனான். போன முதல் நாளே தாளில் ஓட்டைகள் ஒரே இடத்தில் விழுந்தன. அன்றோடு அவருக்குப் பைத்தியம் பிடித்தது. லைசென்ஸ் எடுத்தார், சுவரோடு ஆணியறைந்த இரும்புப் பெட்டி வாங்கினார், பொலிஸ்காரர் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஊரில துவக்குச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ படுத்த மனுசன், இஞ்ச சத்தத்தைத் தேடிப் போகுது" என்று கமலேஸ்வரி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கிளப்பில் நிறையப் பேர் தங்களுக்கு வேண்டிய குண்டைத் தாங்களே வார்ப்பார்கள். டயர்க் கடைகளில் கழித்த ஈயக் கட்டிகளை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றி எடுப்பது. வரதராஜா கராஜில் அதைச் செய்தார். அவர் வார்த்த குண்டு பிழை சொல்ல முடியாதபடி இருக்கும். அதுவரைக்கும் அவருக்குப் பொறாமைப்பட அங்கே ஆள் இல்லை.

பழனிசாமியைக் கிளப்புக்குக் கொண்டுவந்ததே அவர்தான். தூங்காபியில் மளிகைக் கடை வரிசையில் அறிமுகமான ஆள். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயதில் வார்ப்படப் பட்டறையில் நின்றவர், இங்கே வந்து ஆஸ்பத்திரிக் கட்டடங்களில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மொட்டைத் தலை, பெரிய சிரிப்பு. வரதராஜாவை "அண்ணா, அண்ணா" என்று சுற்றிச் சுற்றி வருவார். ஈயம் உருக்குவது, அச்சைச் சூடாக்குவது எல்லாவற்றையும் வரதராஜா அவருக்கு இந்தக் கராஜிலேயே காட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே காரில் போவார்கள், வந்து கமலேஸ்வரியின் புட்டைச் சாப்பிடுவார்கள். வரதராஜாவுக்கு வேறு சிநேகிதர் இல்லை. இருந்த ஒருவர் இருவரோடும் கோபம்.

பிறகு பழனிசாமி தானாகவே பவுடர் கோட்டிங் பழகிக்கொண்டார்.

அதாவது, ஈயக் குண்டைச் சாயப் பவுடரோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். குலுக்கலில் உண்டாகும் மின்னூட்டத்தில் பவுடர் குண்டில் ஒட்டிக்கொள்ளும். ஓவனில் வைத்தால் உருகி, மெல்லிய தோலாக இறுகிவிடும். அப்படிச் செய்தால் துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளாது, புகையும் குறைவு. தோல் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குண்டைச் சுத்தியலால் அடித்து நசுக்குவார்கள். நசுங்கிய பிறகும் தோல் உரியக்கூடாது.

அந்த யூலை ஞாயிறு நானும் கமலேஸ்வரியும் கிளப்புக்குப் போயிருந்தோம். கிளப்பில் மதிய விருந்து, அவள் கட்லட் செய்து கொண்டுபோனாள். பழனிசாமி தன் நீலக் குண்டுகளை மேசையில் கொட்டினார். கண்ணாடி மணி மாதிரிப் பளபளத்தன. வெள்ளைக்காரர் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வரதராஜாவும் அவரைப் பார்த்துச் செய்திருந்தார், ஆனால் நீலம் வேண்டாம் என்று சிவப்பு. தன் டப்பாவை மெதுவாகப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணா, உங்களுதையும் ஒண்ணு தட்டிப் பாக்கலாங்ளா?" என்றார் பழனிசாமி.

"தட்டும்" என்றார் வரதராஜா.

நீலக் குண்டு நசுங்கி நாணயம் போல ஆயிற்று, நீலம் அப்படியே இருந்தது. சிவப்புக் குண்டு நசுங்கியதும் சாயம் பழைய சுவர்ப் பெயின்ற் மாதிரிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. யாரோ ஒருவன் சிரித்தான். அதோடு போயிருக்கும். கமலேஸ்வரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பழனி அண்ணையின்ரயைப் பாத்தீங்களே, நாவற்பழம் மாதிரி!"

வரதராஜா தலைமுடியைக் கையால் பின்னுக்குத் தடவினார். அது அவருடைய பழக்கம். அறுபத்தெட்டு வயதிலும் அடர்ந்த வெள்ளை முடி, காலையில் தேங்காயெண்ணெய் தடவிப் படிய வாரினால்தான் அவருக்கு நாள் தொடங்கும். யோசித்தால் தடவுவார், கோபம் வந்தால் தடவுவார். உலகத்தில் அவர் யாரையும் பார்த்துப் பொறாமைப்படாத ஒரே விஷயம் தலைமுடிதான். அன்றைக்கு நாலைந்து தரம் தடவினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

பழனிசாமி நல்ல மனதோடு ஒரு வேலை செய்தார். வீட்டுக்குப் போகும்போது ஒரு பை நிறைய நீலக் குண்டுகளை எடுத்து நீட்டினார். "வச்சுக்குங்ணா. உங்களுது சரியா வர்ற வரைக்கும்."

வீட்டு வாசலில் வரதராஜா சொன்னார்: "பிச்சை போடுறான்."

அடுத்த நாளிலிருந்து கராஜின் உருள்கதவு இறங்கியது.

முன்னர் அவர் ஈயம் உருக்கும்போது கதவு முழுக்கத் திறந்திருக்கும், பழைய மின்விசிறி ஒன்று புகையை வெளியே தள்ளும். இப்போது கதவும் பூட்டு, விசிறியும் நிறுத்தம். விசிறிக் காற்றில் பவுடர் பறக்கிறதாம். கதவைத் திறந்தால் அந்தாள் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். அந்தாள் ஏதோ ஒன்றை ஒளிக்கிறார், தானும் ஒளிக்கவேண்டும். வரதராஜாவின் கணக்கு அதுதான்.

"தம்பி, ஈயத்தைப் பூட்டின அறைக்குள்ள காய்ச்சாதையும்" என்று நான் சொன்னேன்.

"நான் எவ்வளவு காலமாச் செய்யிறன், அக்கா."

"கதவு திறந்து வைச்சுச் செய்தனீர். இப்ப பூட்டி வைச்சுச் செய்யிறீர்."

"அவன் எப்பிடிச் செய்யிறான் எண்டு கண்டுபிடிச்சா, பிறகு திறக்கலாம்."

இதற்கிடையில் வீட்டில் வேறொரு ஆயத்தமும் நடந்துகொண்டிருந்தது. மகள் பிரியதர்சினி ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறாள். அவளுடைய குழந்தை லக்சனுக்கு அப்போது தவழும் பருவம். பெப்ரவரியில் அவள் வேலைக்குத் திரும்பவேண்டும், குழந்தையைப் பகலில் இங்கே விடுவது என்று பேச்சு. கமலேஸ்வரி அதற்காகத் தன் வேலையை விட்டாள். வரதராஜா படிக்கட்டுக்கு மரக் கதவு செய்தார், மேசை மூலைகளுக்குப் பஞ்சு ஒட்டினார். ஆனால் மெல்பேர்னில் மாப்பிள்ளையின் தாய் இருந்தாள். "உங்களுக்குக் கஷ்டமெண்டால் நான் வந்து நிண்டு பாப்பன்" என்று அந்தம்மா தொலைபேசியில் சொன்ன நாளில் வரதராஜாவின் காதை நான் பார்த்தேன். லக்சன் யார் மடியில் வளர்வான் என்பதில் அவருக்குத் தூக்கம் போனது. அந்த வீட்டில் வேறு எதை இழந்தாலும் அவர் தாங்குவார். இதைத் தாங்கமாட்டார்.

இரண்டு பொறாமையையும் ஒரே நேரத்தில் சுமப்பது எந்த மனுசனுக்கும் பாரம்தான். அவர் மெலிந்தார். சாப்பாடு இறங்கவில்லை என்றார். எரிந்து எரிந்து விழுந்தார்.

கராஜில் சிவப்புச் சாயம் உரிந்துகொண்டே இருந்தது. பவுடரை மாற்றினார். டப்பாவை மாற்றினார், ஐஸ்கிறீம் டப்பா, தயிர் டப்பா, கடைச் சாப்பாட்டு டப்பா என்று வீட்டில் கமலேஸ்வரி கழுவி அடுக்கியிருந்த அத்தனையையும் எடுத்துப் பார்த்தார். கடைசியில் பிழை ஓவனில்தான் என்று முடிவு கட்டினார். அவரிடம் இருந்தது ரொட்டி சுடும் சின்ன ஓவன். பழனிசாமி பெரிய ஓவன் ஒன்று வாங்கி ஷெட்டில் வைத்திருக்கிறார் என்று கிளப்பில் கேள்விப்பட்டிருந்தார்.

பெரிய ஓவன் இந்த வீட்டிலும் இருந்தது. குசினி அடுப்புக்குக் கீழே. நம்மவர் வீடுகளில் அதற்குள் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கமலேஸ்வரி அதை ஒருநாளும் பற்றவைத்ததில்லை. தாச்சி, தோசைக் கல், இடியப்பம் அவிக்கும் பெரிய பானை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அதற்குள் அடுக்கியிருக்கும். அது அவளுக்கு அலுமாரி. அதனால்தான் அவருக்கு அதில் பிழை இருப்பதாகவே படவில்லை. பிறகு கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்: "அதுக்குள்ள நாங்கள் சமைக்கிறேல்லையே."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கமலேஸ்வரி கோவிலுக்குப் போவாள். அந்த நேரம் பார்த்து அவர் சட்டிபானைகளை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, குண்டுத் தட்டை உள்ளே வைத்து, வேகவைத்து, ஆறியதும் சட்டிபானைகளைப் பழையபடி அடுக்கிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. யன்னலால் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்ன தம்பி மணக்குது?"

"அப்பளம் பொரிச்சனான், கருகிட்டுது."

அவர் வாழ்நாளில் அப்பளம் பொரித்ததில்லை.

அது ஒக்டோபர். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. பிரியதர்சினி குழந்தையோடு வந்திருந்தாள். நான் குசினிக் கதிரையில் இருந்து லக்சனுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கமலேஸ்வரி இடியப்பப் பானையில் குழந்தைக்கு அப்பிளும் கரட்டும் அவித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவிக்கும் பானையின் அடியில் ஒரு பத்துச் சதக் காசு போட்டுவிடுவாள். தண்ணீர் கொதிக்கும்போது காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், மூடியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டே அவள் தொலைக்காட்சி பார்ப்பாள், தொலைபேசியில் கதைப்பாள்.

அன்றும் பானை கடகடத்துக்கொண்டிருந்தது. நான் கை கழுவ எழுந்து போனேன். கழுவும் தொட்டிக்கு மேலே, யன்னல் விளிம்பில், அந்தப் பத்துச் சதக் காசு காய்ந்துபோய்க் கிடந்தது.

"கமலேஸ்வரி, காசு இஞ்ச கிடக்குது."

"ஓம், அக்கா. போன மாதம் பானை மினுக்கேக்கை எடுத்து வைச்சனான், போட மறந்திட்டன்."

"அப்ப உள்ள என்ன ஆடுது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பானையைப் பார்த்தாள். அடுப்பை அணைத்து, தட்டை எடுத்து, சுடுதண்ணீரைத் தொட்டிக்குள் சரித்தாள். கடைசியில் 'டங்' என்று ஒன்று விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் தோல் கழன்று சாம்பல் நிறம்.

குண்டுத் தட்டை ஓவனிலிருந்து எடுக்கும்போது ஒன்று உருண்டு தரையில் இருந்த பானைக்குள் விழுந்திருக்கிறது. எத்தனை கிழமையாக இந்தச் சத்தத்தில் இடியப்பம் அவிந்தது என்று யாருக்கும் தெரியாது.

"இஞ்சருங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் லக்சன் அழத் தொடங்கினான்.

வரதராஜா கராஜிலிருந்து ஓடி வந்தார். மனைவி கையிலிருந்த குண்டைக் கண்டார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் மனுசன் வாயில் வந்தது இதுதான்:

"அவிச்சதுக்கே கழண்டுபோச்சு. மற்றவரின்ரயெண்டால் கழண்டிராது."

கமலேஸ்வரி ஈரப் பானையை அப்படியே தூக்கி அவர் காலடியில் போட்டாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் பிரியதர்சினி. குழந்தையை என் மடியிலிருந்து வாரி எடுத்தாள். "இது லெட், நஞ்சு. அவனுக்கு இதில சாப்பாடு அவிச்சிருக்கு. உங்களுக்கு விளங்குதா?"

"நான் அதுக்குள்ள..." என்று தொடங்கி அவர் அந்த 'சமைக்கிறேல்லையே'யைச் சொன்னார். அப்போதுதான் ஓவன் விஷயமும் வெளியே வந்தது. மகள் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லி நான்தான் விரட்டினேன். அழுவதற்கு நேரமில்லை, ஈயம் அழுகைக்குக் கரையாது. முடிவு வந்தது. லக்சனுக்கு ஒன்றுமில்லை. கமலேஸ்வரிக்கு இருக்கவேண்டியதைவிடச் சற்றுக் கூட. வரதராஜாவுக்கு நிறையக் கூட. சாப்பாடு இறங்காததற்கும் எரிந்து விழுந்ததற்கும் பொறாமை மட்டும் காரணமில்லை என்று தெரிந்தது.

தமிழ் டொக்டர் நிதானமாக விளங்கப்படுத்தினார். ஓவன் சூட்டில் ஈயம் ஆவியாகாது, ஆனால் சாப்பாட்டுச் சட்டி வைக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. பானையைவிடப் பெரிய பிழை பூட்டிய கராஜ், கையில் படிந்த தூசி, அதே சேட்டோடு வந்து கட்டிலில் இருப்பது. குழந்தை தவழ்கிற தரைக்கு அந்தத் தூசிதான் முதலில் வரும்.

பிரியதர்சினி தொலைபேசியில் தகப்பனோடு பேசவில்லை, தாயோடு பேசினாள். வீட்டில் ஈயம் ஒரு துண்டும் இருக்கக்கூடாது. இரண்டு பேருடைய இரத்தமும் சரியாகும்வரை லக்சன் அங்கே வரமாட்டான். பெப்ரவரிக்கு மாமியைக் கூப்பிட்டாயிற்று.

மெல்பேர்ன் சம்பந்தியம்மா தைப்பொங்கல் முடிந்த கையோடு வந்து இறங்கினாள். குடும்ப வாட்சப்பில் தினமும் படம். சம்பந்தியம்மா மடியில் லக்சன், சம்பந்தியம்மா ஊட்டச் சாப்பிடும் லக்சன், சம்பந்தியம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்கும் லக்சன். வரதராஜா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"பிள்ளை மெலிஞ்சிட்டான்" என்பார்.

"கொழுத்திருக்கிறான்" என்பாள் கமலேஸ்வரி. "நீங்கள் பாக்கிறது உங்கட வயித்தெரிச்சலை."

வீட்டைத் துடைக்கும் வேலையை நவம்பரிலேயே நான் மேற்பார்த்தேன். தும்புத்தடியால் கூட்டினால் தூசி கிளம்பும், ஆகவே எல்லாம் ஈரத்துணி. ஓவனுக்குள் இருந்த சட்டிபானை அத்தனையும் குப்பைக்குப் போயின. கமலேஸ்வரி தாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள், நான் பிடுங்கி எறிந்தேன். எஞ்சியது கராஜில் இருந்த ஈயம், உருக்கும் பானை, அச்சுகள், பவுடர். வரதராஜா அவற்றைப் பெட்டிகளில் கட்டினார். கட்டிய பெட்டிகள் கராஜிலேயே இருந்தன. பெப்ரவரி பிறந்தும் இருந்தன.

"உதையெல்லாம் எறியுங்கோ, இல்லாட்டிப் பழனி அண்ணையிட்டைக் கொண்டுபோய் வையுங்கோ" என்றாள் கமலேஸ்வரி.

"அவன்ர ஷெட்டில போய் நான் நிக்கிறதோ? நான் பழக்கின ஆளிட்டை?"

"அப்ப எறியுங்கோ."

எறியவும் மனமில்லை. வாழ்க்கையில் அவர் முதலாவதாக வந்த இடம் அந்தத் தாளும் அந்த ஓட்டைகளும்தான். அவர் கராஜுக்குள் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். நான் யன்னலால் "கை கழுவும்!" என்று கத்துவேன்.

அப்படி இருக்க, ஒருநாள் மாலை ஒரு படம் வந்தது. லக்சன் முதல் தரம் எழுந்து நின்றிருக்கிறான். பிடித்துக்கொண்டு நின்றது சம்பந்தியம்மாவின் சேலைத் தலைப்பை. வரதராஜா பார்த்தார். முடியைத் தடவினார். பிறகு தொலைபேசியை எடுத்து, என் முன்னாலேயே, ஏழு மாதம் சொல்லாத பெயரைச் சொன்னார்.

"பழனிசாமி? நான் வரதராஜா... ஓம்... இல்லை, சுகமா இருக்கிறன். உம்மட ஷெட்டில கொஞ்சம் இடம் இருக்குமோ?"

அந்தப் பக்கம் குரல் எனக்கே கேட்டது. "அண்ணா! ஏனுங்ணா இத்தன நாளா போனே எடுக்கல? வாங்க, நாளைக்கே வாங்க!"

பெரிய பொறாமை சின்னப் பொறாமையை விழுங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதை மனமாற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

இடம் பத்திரமானதா என்று பார்த்துவரச் சொல்லிக் கமலேஸ்வரி என்னையும் ஏற்றி அனுப்பினாள். பழனிசாமியின் ஷெட் பென்டில் ஹில்லில், வீட்டிலிருந்து தள்ளி வளவின் மூலையில். இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது, காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடியது. ஆணியில் வேலைக்கென்றே ஒரு சேட், வாசலில் தண்ணீர்க் குழாய், சவர்க்காரம். ஒரு முதியோர் இல்லத்துக்குத் தரச் சான்றிதழ் கொடுப்பதுபோல நான் சுற்றிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வரதராஜாவும் குறை தேடினார். அவருக்கும் கிடைக்காததை முகத்தில் பார்த்தேன்.

"உங்க சிவப்பையே போடலாங்ணா" என்று பழனிசாமி டப்பாவை எடுத்தார்.

வரதராஜா தன் குண்டுகளை வெறுங்கையால் அள்ளினார். அள்ளியவர் நின்று, மற்றக் கையால் முடியைத் தடவி, அந்தக் கையாலும் ஒரு பிடி அள்ளினார்.

பழனிசாமி அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா. தலைக்கு என்ன போடுவீங்க?"

"தேங்காயெண்ணெய். ஏன்?"

"தினமுமா?"

"தினமும்தான். உமக்கென்ன அதில?"

"அட சாமி!" பழனிசாமி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எண்ணெய்க் கையில தொட்டா எப்பிடிங்ணா பவுடர் புடிக்கும்? கோட்டிங்குக்கு எண்ணெதான் எமன்! எனக்கு மண்டையில ஒண்ணுமில்ல, அதனால நான் தப்பிச்சேன்."

ஒரு கணம் எனக்கும் உறைத்தது. எண்ணெய் பூசிய தோலில் பிளாஸ்டர் நிற்காது என்று எத்தனை தாதிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எதிர் யன்னலில் இருந்தும் யோசிக்கவில்லை.

வரதராஜாவின் காது சிவந்தது. "முந்தியே சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கதான் கதவச் சாத்திட்டீங்களே. நான் எங்கிருந்து பாக்கறது?"

பழனிசாமி குண்டுகளை அசிட்டோனில் அலசி, கையுறை கொடுத்து, டப்பாவைக் குலுக்க விட்டார். வெந்து ஆறியதும் ஒன்றை இரும்புப் பாளத்தில் வைத்துச் சுத்தியலை வரதராஜாவிடம் நீட்டினார். அவர் ஓங்கி அடித்தார். பல மாதக் கோபம் அத்தனையும் அந்த அடியில் இருந்தது. குண்டு தட்டையாயிற்று. சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு பொருக்கும் உதிரவில்லை.

பழனிசாமி கைதட்டினார். வரதராஜா நசுங்கிய குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்பட்டிருக்கவேண்டிய நேரம். சொன்னது இது:

"நீலத்தை விடச் சிவப்புத்தான் நல்லாப் பிடிக்குது, என்ன?"

"இருக்கட்டுங்ணா" என்றார் பழனிசாமி.

பெட்டிகள் அங்கேயே தங்கின. சனிக்கிழமை போவார், வேலைச் சேட்டை அங்கேயே கழற்றுவார், குழாயில் முழங்கைவரை கழுவுவார். நான் சொல்லிக் கொடுத்தபடி நகத்தையும் தேய்ப்பார். பொறாமைக்காரனுக்கு ஒழுங்காகச் செய்யச் சொல்லிக் கொடுப்பது சுலபம், இன்னொருவர் அதைவிட ஒழுங்காகச் செய்கிறார் என்று சொன்னால் போதும். மாதங்கள் எடுத்தன. ஈயம் எலும்பில் போய் உட்காரும், அவசரமாக எழும்பாது. சம்பந்தியம்மா பங்குனி, சித்திரை எல்லாம் படம் போட்டாள். வரதராஜா ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்து, டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குளிர்காலம் தொடங்கும்போது டொக்டர் தலையாட்டினார். பிரியதர்சினி அந்த முடிவைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சம்பந்தியம்மாவுக்கு மெல்பேர்ன் டிக்கெட் போட்டாள்.

லக்சன் வந்த முதல் நாள் கமலேஸ்வரி புதுப் பானையில் இடியப்பம் அவித்தாள். காசைப் போடுமுன் பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். இப்போது ஒவ்வொரு தரமும் அப்படித்தான். பழனிசாமியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நான் கதிரையில் இருந்தேன்.

வரதராஜா காலையில் குளித்து, புதுச் சேட்டுப் போட்டு, முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, வாசலிலேயே நின்றார். மகள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். நடந்து வந்த விதத்தைப் பார்த்தால் போட்டியில் வென்ற கோப்பையைத் தூக்கி வருகிற மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

கூடத்தில் பழனிசாமி எழுந்து நின்றார். யன்னல் வெளிச்சம் அவருடைய மொட்டைத் தலையில் விழுந்து மின்னியது. லக்சன் அதைக் கண்டான். தாத்தாவின் தோளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மற்றக் கையை நீட்டி, முழு உடம்போடும் அந்தப் பக்கம் பாய்ந்தான்.

"அட வாங்க சாமி, வாங்க, வாங்க!" என்று பழனிசாமி இரண்டு கையையும் விரித்தார்.

வரதராஜா ஓர் அடி பின்னுக்கு வைத்தார். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு காதும் நன்றாகச் சிவந்திருந்தன.

"பொறும்" என்றார். "கை கழுவினீரோ?"